லோ சோடியம் உப்பு: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

வீட்டு உப்பை லோ சோடியம் உப்பாக மாற்றலாம் என்று நினைத்தால் முதல் வேலையாகக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை வைத்து ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் கணக்கும் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மாத்திரையைப் பிதுக்கிப் பிதுக்கி அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தால் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

நாம் தேடுவது இவற்றை: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிகிறவை. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மிசார்ட்டன் என்று ‘சார்ட்டன்’ என முடிகிறவை. அப்புறம் ஸ்பைரனோலாக்டோன், எப்ளிரினோன், அமிலோரைடு, ட்ரையம்டெரின். இப்போது பி.பி. மாத்திரைகள் பல, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளாக வருகின்றன. டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையில் இருக்கும். அம்லோடிபினால் இந்த விஷயத்தில் தொந்தரவு இல்லை, சார்ட்டனைத்தான் கவனிக்க வேண்டும். அதனால் பெயர்ப் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள்.

இவ்வளவு ஏன் என்றால், கடையில் ‘லோ சோடியம்’ என்று விற்கிற உப்பில் சோடியம் குளோரைடு கொஞ்சம் எடுக்கப்பட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். அதுவும் வெள்ளையாக, உப்புக் கரிப்போடு இருக்கிற ஒரு தாது உப்புதான். உணவில் சேர்க்க அனுமதி உள்ள பொருள், அதன் எண் 508. ஆரோக்கியமான சிறுநீரகம் உடம்பில் கூடுதலாகச் சேரும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ, மேலே சொன்ன மருந்துகள் அந்த வெளியேற்றத்தைக் குறைத்தாலோ, பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். பல பேருக்கு முன்னறிகுறியே இருக்காது என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

எங்கள் வீட்டில் நாலு பேர். வீட்டுக்காரருக்கு பி.பி., மாத்திரை அம்லோடிபின் மட்டும். அத்தைக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடுகிற கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, டெல்மிசார்ட்டனும் உண்டு. நானும் கல்லூரியில் படிக்கிற மகளும் மாத்திரை எதுவும் இல்லாதவர்கள். ஒரே அடுப்பு, ஒரே குழம்புச் சட்டி. அதில் ஒருவருக்கு நல்லது செய்கிற உப்பு இன்னொருவருக்கு ஆபத்து. இந்த நிலைமை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. பெரியவர்களோடு சேர்ந்து வாழ்கிற எந்த வீட்டிலும் இருக்கும். அதனால்தான் இதை டாக்டர் பார்வையில் எழுதாமல் சமைக்கிறவள் பார்வையில் எழுதுகிறேன். எந்தத் தட்டுக்கு எந்த உப்பு போகிறது என்பது கரண்டி பிடிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரிடம் என்ன கேட்பது

மாத்திரையே சாப்பிடாதவர்கள் கூட, நாற்பது வயது தாண்டியிருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ, ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பேன். சிறுநீரகம் பாதி கெட்டுப் போகும் வரை உடம்பு வெளியே காட்டாமல் இருக்கக்கூடும். கிரியேட்டினின், அதை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிற இ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். உங்கள் லேப் அச்சடித்துத் தருகிற எல்லையும் பக்கத்திலேயே இருக்கும்.

டாக்டரிடம் போய் “லோ சோடியம் உப்பு சாப்பிடலாமா?” என்று கேட்காதீர்கள். உப்பைக் குறைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவசரத்தில் “தாராளமா” என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. “பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைத் தினமும் சமையலில் போடலாமா? இதுதான் என் மாத்திரை, இதுதான் என் பொட்டாசியம் அளவு” என்று கேளுங்கள். பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. ‘சார்ட்டன்’ சாப்பிடுகிற எல்லாருக்கும் இந்த உப்பு கூடவே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால், சில வாரம் கழித்துப் பொட்டாசியத்தை மறுபடி பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சம்மதிக்கலாம். அதை அவர் தீர்மானிக்கட்டும்.

வயதானவர்கள் சிலருக்கு, அதிலும் சிறுநீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். தலைசுற்றல், தடுமாற்றம், குழப்பம் என்று படுத்து எழுந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்காமல் எந்த உப்பையும் மாற்றாதீர்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் வீட்டுச் சமையலில் போடுகிற உப்புக்கு மட்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, உப்பையே குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். குறைக்க முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் சாதாரண உப்பில் அஞ்சு கிராம்தான் ஒரு நாளைய எல்லை, அதாவது தட்டையாக வழித்த ஒரு சின்னக் கரண்டி. காலை இட்லி சட்னியிலிருந்து ராத்திரி மோர் வரைக்கும் அதற்குள் அடக்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்த இடைவெளியில்தான் இந்த உப்பு உதவுகிறது. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பி.பி. இருக்கிற அறுபது வயதுக்காரர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்து வருஷம் நெருங்கும்போது அந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் சாவு 12 சதவீதமும் குறைவாக இருந்தன. 2021இல் முடிவு வெளியானது. நமக்குப் பக்கத்தில், தெலங்கானா கிராமங்களில் பி.பி. உள்ள 502 பேருக்கு 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதத்தில் மேல் அளவு 4.6 புள்ளி குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்தது தைவானில் நடந்தது. படைவீரர்கள் ஓய்வுக்குப் பின் தங்கும் இல்லத்தில் ஐந்து சமையற்கட்டுகள். அதில் இரண்டில் உப்பை மட்டும் மாற்றினார்கள். அந்தச் சமையலைச் சாப்பிட்டவர்களிடம் இதயநோய்ச் சாவு நன்றாகக் குறைந்தது. சாப்பிட்டவர்கள் எந்தப் பத்தியமும் இருக்கவில்லை. மாறியது சமையற்கட்டு உப்பு ஒன்றுதான்.

இதை நம்பி பி.பி. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள்.

கல்லுப்பும் இந்துப்பும்

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். கடல் தண்ணீரையோ கிணற்று உப்புத் தண்ணீரையோ பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயை (உப்பளத்தில் அடர்த்தியை அளக்கிற அளவு) தாண்டும்போதுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். படிந்ததை வாரிய பிறகு கீழே ஒரு தண்ணீர் மிஞ்சும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் அந்தக் கசப்பு வெகுநேரம் போகாது. மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்குவது அந்தத் தண்ணீரில்தான். வாரிக் குவித்த வெள்ளை உப்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கிற அளவுதான் இருக்கும். கடல் தண்ணீரிலேயே ஒரு லிட்டருக்குச் சோடியம் 10 கிராமுக்கு மேல், பொட்டாசியம் அரைக் கிராம் கூட இல்லை.

அதனால் “நாங்க கல்லுப்புதான் போடறோம், அதுல சோடியம் கம்மி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லுப்பும் தூளுப்பும் எடைக்கு எடை ஒன்றுதான். ஒரு கரண்டி கல்லுப்பில் இடுக்கெல்லாம் காற்று இருப்பதால் எடை குறையும், அவ்வளவே. இந்துப்பும் அப்படித்தான். இளஞ்சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடே. பி.பி. இருப்பவர்கள் இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாகக் கூடுதலாகப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. அதில் பல பாக்கெட்டுகளில் அயோடினும் கிடையாது.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது

முன்பக்கத்தில் எழுதியிருப்பதை விடுங்கள், பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் 100 கிராமுக்குச் சோடியம் எவ்வளவு என்ற கணக்கு. சாதாரண உப்பில் அது 38, 39 கிராம் வரும். 15 சதவீதம் குறைந்த உப்பில் சுமார் 33 கிராம், 30 சதவீதம் குறைந்ததில் சுமார் 27 கிராம். அந்த எண் 38க்குப் பக்கத்தில் இருந்தால் முன்னால் ‘ஹெல்த்தி’ என்று எப்படி எழுதியிருந்தாலும் அது சாதாரண உப்புதான். அயோடின் சேர்த்தது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வகை உப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் ‘அம்மா உப்பு’ என்று மூன்று வகையைக் கொண்டுவந்தபோது அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. விலை எப்போதும் சாதாரண உப்பைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தனிப் பொட்டாசியம் குளோரைடை வாங்கி வந்து வீட்டில் கலக்க வேண்டாம். கை அளவில் கலந்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், ஒரே ஜாடியில் மேலே ஒன்று அடியில் ஒன்று என்று ஆகும். உரக்கடையில் விற்கிற பொட்டாஷும் வேதிப்பெயரில் இதேதான், செந்நிறமாக இருக்கும். அது வயலுக்கு. உணவுத் தரத்தில் சுத்தம் செய்தது கிடையாது. உப்புக்குப் பதில் என்று எதையாவது போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1940களில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாக விற்றார்கள். நாக்குக்கு அதுவும் உப்பாகத்தான் இருந்தது. ஆட்கள் விஷமேறிச் செத்த பிறகு 1949இல் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள்.

சமையலில் எப்படிப் பழக்குவது

ருசியில் இந்த உப்பின் ஒரே குறை கசப்பு. முதலில் உப்புக் கரிக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் லேசாக, இரும்புச் சாவியை வாயில் வைத்தது போல ஒன்று நிற்கும். 15 சதவீத உப்பில் பலருக்குத் தெரியவே தெரியாது. 30 சதவீதத்தில் தெரியும், ஆனால் எல்லாப் பதார்த்தத்திலும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

புளிப்பும் காரமும் உள்ளதில் கசப்பு மறைந்துவிடும். புளிக்குழம்பு, ரசம், மீன் குழம்பு, தக்காளித் தொக்கு, எலுமிச்சை சாதம், புதினா சட்னி, இதிலெல்லாம் முதல் நாளே மாற்றலாம். மிளகும் வறுத்த சீரகமும் தட்டிப் போட்ட பூண்டு ரசத்தில் நான் மாற்றியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளையாக, சாதுவாக இருக்கிற சாப்பாட்டில்தான் கசப்பு தலை நீட்டும். தயிர் சாதம், நீர்மோர், வெண்பொங்கல், பால் ஊற்றிய கூட்டு, உப்பு போட்டு வடித்த சோறு. “ரசம் நல்லாருக்கு, சோறுதான் என்னமோ கசக்குது” என்று வீட்டுக்காரர் சொன்னதும் நான் உலையில் உப்புப் போடுகிற வழக்கத்தையே நிறுத்தினேன். குழம்பில் உப்பு இருக்கும்போது சோற்றில் எதற்கு? கொஞ்ச நாள் சப்பென்று இருந்தது, பழகிவிட்டது. சோடியம் குறைந்ததில் அந்த ஒரு காரியத்துக்கு இருக்கிற பங்கு பெரிது.

உப்பு சரிபார்க்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். கொதிக்கிற குழம்பைக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உடனே நக்கிப் பார்ப்பது நம் வழக்கம். சூட்டில் உப்பும் சரியாகத் தெரியாது, கசப்பும் தெரியாது. சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு அடங்கும் வரை பொறுங்கள். நாக்கில் வைத்து, விழுங்கி, இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். பின்னால் வருகிற சுவைதான் முக்கியம். கசப்பு எட்டிப் பார்த்தால் இன்னும் உப்புப் போடாதீர்கள், கசப்புதான் கூடும். அரை மூடி எலுமிச்சையோ கொஞ்சம் புளித்தண்ணீரோ விடுங்கள். புளிக்குழம்பு, சாம்பார் என்றால் மிளகு அளவு வெல்லம் போதும். கறிவேப்பிலையைக் கருகாமல் மொறுமொறுப்பாகத் தாளித்துப் போட்டாலும் வாசனை அதை மூடிவிடும். வெந்தயம் அதிகம் சிவந்த குழம்பில் மட்டும் கவனம், இரண்டு கசப்பும் சேர்ந்துகொள்ளும். பாகற்காய்க்குப் பயமே வேண்டாம்.

பொரியலுக்கு உப்பைக் கடைசியில், அடுப்பை அணைக்கும் நேரத்தில் தூவிக் கிளறுங்கள். காயின் மேலேயே நிற்பதால் குறைந்த உப்பே நிறையத் தெரியும். உருளைக்கிழங்கு, வாழைக்காய் மாதிரி உள்ளே உப்பு இறங்க வேண்டியவற்றுக்கு இது சரிவராது, வேகும்போதே போட வேண்டும். எத்தனை நேரம் கொதித்தாலும் இந்த உப்புக்கு ஒன்றும் ஆகாது. அதனால் எப்போது போட்டால் கெட்டுவிடும் என்ற கவலை தேவையில்லை. இட்லி மாவில் நான் இதைத்தான் போடுகிறேன். நன்றாகவே பொங்குகிறது, புளிப்பில் கசப்பும் தெரிவதில்லை.

நாக்கு முரண்டு பிடிக்கிற வீட்டில் மெதுவாகப் போங்கள். 30 சதவீத உப்பையும் வழக்கமான உப்பையும் பாதிக்குப் பாதி கலந்தால் 15 சதவீத உப்பு கிடைத்துவிடும். இது பாக்கெட் உப்போடு உப்புக் கலப்பதுதான் என்பதால் பயமில்லை. அந்த ஜாடி தீர்ந்ததும் கலப்பதைக் குறைத்துக்கொண்டே வரலாம். சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வைக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது அளவில்தான். “இதுல உப்பு கம்மியா இருக்கு” என்று கரண்டி அளவைக் கூட்டிவிடுகிறார்கள். 15 சதவீதம் குறைந்த உப்பை ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகப் போட்டால் பழைய சோடியம் அப்படியே வந்துவிடும், கூடவே பொட்டாசியமும் ஏறியிருக்கும். முன்பு போட்ட அதே கரண்டி, அதே அளவு. முடிந்தால் கொஞ்சம் குறைவு.

ஊறுகாய், வடகம், மோர் மிளகாய், கருவாடு, உப்புக்கண்டம் இவற்றுக்கு வழக்கமான உப்பையே போடுங்கள். அங்கே உப்பு ருசிக்காக மட்டும் இல்லை, கெடாமல் காக்கிற வேலையும் அதனுடையது. எடைக்கு எடை பார்த்தால் பொட்டாசியம் குளோரைடுக்கு அந்த வலு குறைவு. ஆவக்காய் பூசணம் பூத்தால் அத்தனையும் கொட்ட வேண்டியதுதான். ஊறுகாயில் உப்பைக் குறைக்க ஒரே வழி, தட்டில் வைக்கிற அளவைக் குறைப்பது.

ஒரே அடுப்பில் இரண்டு உப்பு

எங்கள் சமையற்கட்டில் இரண்டு ஜாடி. வழக்கமான உப்பு பழைய பீங்கான் ஜாடியில், லோ சோடியம் உப்பு சிவப்பு மூடி போட்ட டப்பாவில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. சிவப்பு மூடி மேல் தட்டில், அதற்குத் தனிக் கரண்டி. நான் ஊரில் இல்லாதபோது மகளோ வேலைக்கு வருகிற அக்காவோ சமைப்பார்கள் என்பதால் மூடியின் மேல் ‘பாட்டிக்குக் கூடாது’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பருப்பும் காயும் உப்பில்லாமல் வேகும். மசாலா, புளி எல்லாம் சேர்ந்து கொதி வந்ததும், உப்புப் போடும் முன் அத்தையின் பங்கைச் சின்னச் சட்டியில் எடுத்துவிடுவேன். அதில் அவருக்கு டாக்டர் சொன்ன அளவில் வழக்கமான உப்பு. அப்புறம்தான் பெரிய சட்டிக்குச் சிவப்பு மூடி திறக்கும். எடுத்து வைப்பது முதலில், உப்பு பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. இட்லி மாவிலும் அவருக்கான மாவைக் கரைக்கும்போதே பிரித்துவிடுகிறேன். அவருக்குக் காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவதும் உண்டு. பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போகும் என்று உணவியல் ஆலோசகர் சொன்ன வழி. இளநீர் அவருக்குக் கிடையாது. “ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் தனிச் சட்டி?” என்று அவர் கேட்டபோது மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது யாராவது வந்து சமைத்தால் “எந்த உப்பு போட்ட?” என்று அவரே கேட்டுவிடுகிறார். காவலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

விருந்தாளி வந்தால் சமையல் முழுக்க வழக்கமான உப்பில்தான். வருகிறவரின் கிட்னி பற்றியோ மாத்திரை பற்றியோ நமக்குத் தெரியாது. சாப்பிடுகிறவருக்குச் சொல்லாமல் இந்த உப்பைப் போடுவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பும்போதும் இது மனதில் இருக்க வேண்டும். கோயில் அன்னதானம், விசேஷச் சமையலுக்கு இந்த உப்பை நன்கொடையாகக் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் உடம்பில் தண்ணீர் குறைந்து, நல்ல சிறுநீரகம்கூடத் தற்காலிகமாகத் தளரும். அந்த நாட்களில் சிவப்பு மூடியை நான் தொடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். பொடியில் பொட்டாசியம் குளோரைடு ஏற்கெனவே இருக்கிறது, லிட்டருக்கு ஒன்றரைக் கிராம். அது கணக்குப் பார்த்துச் சேர்த்தது. பாக்கெட்டில் சொன்ன தண்ணீரில் அப்படியே கரைத்துக் கொடுங்கள், இந்த உப்பைக் கரைத்து வீட்டு ஓ.ஆர்.எஸ். செய்யாதீர்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். கை கால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, துடிப்பு விட்டு விட்டு அடிப்பது போல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன உப்பு சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதியை எழுதுங்கள். ஆளுக்கு அஞ்சு கிராம் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு இருபது கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பிஸ்கட், பிரெட், அப்பளம், மிக்சர், ஆப்ப சோடா, பாக்கெட் நூடுல்ஸ் மசாலா என்று வெளியிலிருந்து வருகிற சோடியமும் இருப்பதால், உண்மையில் ஐம்பதைத் தாண்டியே தீர வேண்டும். இரண்டு ஜாடி வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், ஊறுகாய்க்கு எடுத்ததைக் கழித்துவிடுங்கள். முப்பது நாளில் தீர்ந்துபோகிற வீட்டில் எந்த உப்பு வாங்கினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. அங்கே முதலில் சோற்று உலையிலும் சப்பாத்தி மாவிலும் போடுகிற உப்பை நிறுத்திப் பாருங்கள். அடுத்த பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு மேலே சொன்ன மற்றதைச் செய்யலாம்.